மேகம் தீட்டிய கேப்டன்

மலைக்கோட்டையைப் படம் எடுக்காத திருச்சிக்காரர் உண்டா? காவிரிப் பாலத்திலிருந்து ஒன்று, தெப்பக்குளத்து முனையிலிருந்து ஒன்று என்று எல்லார் கைப்பேசியிலும் உச்சிப்பிள்ளையார் குடியிருக்கிறார். அந்த வரிசையின் முன்னோடிகளில் ஒருவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தெற்கே சுற்றி வந்தவர், 1858-இல் திருச்சிக்கு ஒன்றும் ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனி ஆல்பம் வெளியிட்டார்.

அவர் கண்ட ஊரில் மலைக்கோட்டைப் பாறைக்குப் போட்டியே கிடையாது. லூர்து மாதா ஆலயத்தின் கட்டுமானம் தொடங்கியதே 1890-இல்தான். ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம் அன்று மொட்டைக் கோபுரம். 13 நிலைகளோடு 236 அடி வளர 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ட்ரைப் பெரும்பாலும் பயன்படுத்திய நெகடிவ் கண்ணாடியோ பிலிமோ அல்ல, காகிதம். பஜ்ஜி மடித்த தாளில் எண்ணெய் ஊறினால் மறுபக்கம் தெரியுமே, அதே போல மெழுகு ஏற்றிய தாளில் வெளிச்சம் ஊடுருவும். பெரிதாக்கும் வசதி இல்லை. படம் எவ்வளவு பெரிதோ நெகடிவும் அவ்வளவு பெரிது.

வேடிக்கை வானத்தில்தான். அந்தக் கால வெள்ளி ரசாயனம் நீல ஒளிக்கு அளவுக்கு மீறித் துடிக்கும். பாறையின் வரி வரியான நிழல் பதிவதற்குள் வானம் முற்றிப்போய், மேகம் இருந்த தடமே அழிந்துவிடும். ட்ரைப் தூரிகையை எடுத்தார். நெகடிவில் வண்ணம் தடவிய இடத்தில் வெளிச்சம் புகாது. அச்சில் அந்த இடம் வெளுத்து மேகமாகும். பர்மாவில் 1855-இல் எடுத்த படங்களிலேயே அவர் இந்தக் கைவேலையைச் செய்திருக்கிறார். மரங்களின் இலைகளைக்கூடத் திருத்தியிருக்கிறார்.

இது பித்தலாட்டமா? அப்படியானால் செயலியில் ஒரு தட்டு தட்டி எல்லா ஊருக்கும் ஒரே செவ்வானத்தை ஒட்டுவதை என்னவென்பது! ட்ரைப் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து தீட்டினார்.

1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யனுக்கு அரசின் இந்தப் புகைப்பட வேலை ஆடம்பரச் செலவாகப் பட்டது. மறு ஆண்டே ட்ரைப்பின் புகைப்படக்காரர் பதவி போயிற்று. படங்கள் லண்டன் சேகரிப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. இங்கே என்.எஸ்.பி. ரோட்டில் நிமிர்ந்தால் விளம்பரப் பலகைக்கும் கேபிள் கம்பிக்கும் நடுவே பாறையைத் தேட வேண்டியிருக்கிறது. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு பலகையையாவது கழற்றிவிட்டு, ட்ரைப்பின் படத்தைப் பெரிய பிரதியாக மாட்டலாம். காப்புரிமைச் சிக்கல் காலாவதியாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.