நாயின் காயம்: வீட்டில் ஆற்றலாமா, மிருக வைத்தியரிடம் போக வேண்டுமா?

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தம்முடன் கொண்டுவந்தவை மிகச் சில. ஆயினும் பல குடும்பங்களின் பின்னால் அவர்களது நாயும் நடந்து வந்துள்ளது. வேறு சிலர் வந்த இடத்தில் ஒரு குட்டியை எடுத்து வளர்க்கின்றனர். கதவும் பூட்டும் இல்லாத கொட்டிலுக்கு நாயே காவல். குத்தகைக் காணியில் கச்சானோ மரவள்ளியோ வைத்தவர்களுக்கு இரவில் பன்றியை விரட்டுவதும் அதுவே. ஆகவே நாய்க்கு ஏற்படும் காயம் அற்ப விடயமன்று.

காயத்தைக் கண்டதும் இரண்டு விதமான பேச்சு எழும். "நாய்தானே, நக்கி ஆத்திப்போடும்" என்பார் ஒருவர். "உடனே மிருக வைத்தியரிட்டைக் கொண்டு போங்கோ" என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வதை எப்போதும் கேட்டால் நாயை மட்டுமன்றி, வீட்டுப் பிள்ளையையும் இழக்க நேரிடலாம். இரண்டாமவர் சொல்வதை ஒவ்வொரு கீறலுக்கும் கேட்டால் ஒரு நாட்கூலியும் பஸ் காசும் வீணாகும். எந்தக் காயத்தை நாமே ஆற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

மூன்று கேள்விகள்

காயத்தின் அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முட்கம்பியில் உரசி நீளமாகத் தோல் உரிந்த காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அது மேற்தோலோடு நின்றுவிடும். இன்னொரு நாயின் பல் இறங்கிய துளையோ மிளகளவுதான் இருக்கும். நாயின் தோல் தளர்வானது. அதன் அடியில் சதை கிழிந்திருந்தாலும் வெளியே தெரியாது. பல்லோடு மயிரும் கிருமியும் உள்ளே போயிருக்கும். மேல்வாய் விரைவில் மூடிக்கொள்ள, இரண்டு மூன்று நாளில் உள்ளே சீழ் பிடித்து வீங்கும்.

எனவே மூன்று கேள்விகளைக் கேட்போம். காயம் எவ்வளவு ஆழம்? உடலில் எந்த இடத்தில்? எதனால் ஏற்பட்டது? இவற்றுள் மூன்றாவது கேள்வியே முக்கியமானது.

வீட்டில் ஆற்றக் கூடியவை

முள், கம்பி, தகரம் ஆகியவை பட்ட மேலெழுந்தவாரியான கீறல், தோல் உரசல், பாதத்தில் சிறிய வெட்டு என்பவற்றை வீட்டில் பார்க்கலாம். இரத்தம் நின்றிருக்க வேண்டும். நாய் வழமைபோல் சாப்பிட்டு நடமாட வேண்டும்.

நல்ல குணமான நாயும் வலியில் கடிக்கும். எனவே பழகிய ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் காயத்தைப் பார்க்க வேண்டும். தேவையெனில் நீளமான சீலைத்துண்டால் மூஞ்சியைச் சுற்றி, தாடையின் கீழ் ஒரு முடிச்சிட்டு, காதுகளுக்குப் பின்னால் கட்டலாம். வாந்தியெடுக்கும் நாய்க்கும் மூச்சிழுக்கும் நாய்க்கும் வாய் கட்டக் கூடாது. ஏனையவற்றுக்கும் சில நிமிடங்களுக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. பிள்ளைகளை இவ்வேலைக்கு விட வேண்டாம்.

செய்யும் முறை இதுவாகும்:

1. இரத்தம் வந்தால் சுத்தமான சீலையை மடித்து வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையிடையே தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் கலைந்துவிடும்.

2. கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். அதைக் காயத்தின் மேல் ஊற்றி மண்ணும் அழுக்கும் போகும்வரை கழுவுங்கள். காயம் ஆறுவதற்கு எந்த மருந்தையும் விட இக்கழுவலே பெரிது.

3. சுற்றியுள்ள மயிரைக் கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டுங்கள். மயிர் காயத்தில் ஒட்டினால் சீழ் பிடிக்கும்.

4. பொவிடோன் அயடீன் கிடைத்தால் வெறுந்தேநீர் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து ஒற்றுங்கள். கிடைக்காவிடில் உப்புத் தண்ணீரே போதும். நாளுக்கு இரு தடவை கழுவுங்கள்.

5. இலையான் மொய்க்காதிருக்க, காயத்தைச் சுற்றியுள்ள தோலில் வேப்பெண்ணெய் பூசலாம். காயத்தினுள்ளே விட வேண்டாம்.

6. நக்க விடாதீர்கள். நாயின் வாயில் கிருமி ஏராளம். சொரசொரப்பான நாக்கு புதுத்தோலையும் பிய்த்துவிடும். சிறிய பிளாஸ்ரிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் சீலை சுற்றி, கழுத்தில் மாட்டிவிட்டால் வாய் காயத்துக்கு எட்டாது.

முதலிரண்டு நாட்கள் சற்றுச் சிவப்பும் வீக்கமும் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து அவை குறைய வேண்டும். குறையாமல் கூடினால், மணம் வந்தால், சீழ் கண்டால், நாய் சாப்பிடாமல் படுத்தால் அது வீட்டு வைத்தியத்துக்குரிய காயமன்று.

போடக் கூடாதவை

கோப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு என்பன காயத்தில் இறுகி அழுக்கை உள்ளே மூடிவிடும். மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் உண்டு. ஆனால் சமையல் மஞ்சள்தூள் சுத்தமாக்கப்பட்ட மருந்தன்று. திறந்த காயத்தில் அதை அப்பவேண்டாம். மண்ணெண்ணெய், கழிவு ஒயில், தண்ணீர் கலக்காத டெற்றோல் ஆகியவை சதையை எரிக்கும். புழு வைத்த புண்ணுக்குப் பயிருக்கு அடிக்கும் மருந்தை ஊற்றுவது மிகவும் ஆபத்தானது. அது தோல் வழியாகவும் நக்குவதாலும் உடலில் ஏறி நாயைக் கொல்லும். ஊற்றுபவரின் கையிலும் படும்.

வலி குறையட்டும் என்று பனடோல், அஸ்பிரின், ஐபுபுரூபன் கொடுப்பவர்களும் உள்ளனர். மனிதர் விழுங்கும் அளவு நாயின் ஈரலையோ குடலையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடும். பூனைக்கு ஒரு பனடோல் குளிசையே உயிரைப் போக்கும்.

வைத்தியரிடம் போக வேண்டியவை

பின்வருவன எவ்வளவு சிறிதாகத் தோன்றினாலும் தாமதிக்கக் கூடாதவை:

- 10 நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம்.
- கண், மூட்டு, நெஞ்சு, வயிறு ஆகிய இடங்களில் பட்ட காயம். பன்றி கிழித்த காயம் பெரும்பாலும் இவ்வகையே.
- வாய் பிளந்து நிற்கும் வெட்டு. தையல் போடுவதாயின் முதல் 6 முதல் 8 மணித்தியாலத்துள் போடுவதே நல்லது.
- கம்பித் தடம் இறுக்கிய கழுத்து அல்லது இடுப்பு. கம்பியை வெட்டியதும் நாய் ஓடித் திரியும். ஆனால் இறுகிய இடத்துச் சதை சில நாட்களின் பின்னரே அழுகத் தொடங்கும்.
- பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்த வாய்க்காயம். துவக்குச் சன்னம் பட்ட காயம்.
- காதினுள்ளோ ஆழமான புண்ணிலோ புழு. மேலோட்டமாகத் தெரியும் ஓரிரு புழுவைச் சாவணத்தால் எடுத்துக் கழுவலாம். உள்ளே குடைபவை எமது கைக்கு எட்டா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காயப்பட்ட நாய் பற்றைக்குள் ஓடி ஒளிந்தால், மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள் அதைத் தேடிப் போகாதீர்கள். நின்ற இடத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கடித்த காயம் சிறிய காயமன்று

நாய்க்குக் காயம் எதனால் வந்தது என்ற கேள்வியை நாம் வலியுறுத்தியதற்குக் காரணம் விசர்நாய்க்கடி நோய். தெருநாய், நரி, கீரி, பூனை ஆகியவற்றின் பல்லினூடாக இது பரவும். கடிபட்ட நாயில் குணம் தெரியச் சில கிழமைகளும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். ஆறிய காயத்தை நாம் மறந்திருப்போம். நாய் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்திருக்கும்.

1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டொன்றில் 300க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போட்டதாலும், கடிபட்ட மனிதருக்கு ஊசி கிடைத்ததாலும் அத்தொகை பெரிதும் குறைந்தது. இடப்பெயர்வின்போது இவ்வொழுங்கு குலைகின்றது. ஊசி அட்டை தொலைகின்றது. கைவிடப்பட்ட நாய்கள் கூட்டமாகத் திரிகின்றன. எங்கள் நாயும் அவற்றோடு சண்டை பிடிக்கின்றது.

ஆகவே அறியாத மிருகம் கடித்த நாயை வெறுங்கையால் தொடாதீர்கள். மயிரில் எச்சில் இருக்கலாம். கையில் பிளாஸ்ரிக் பையை மாட்டிக்கொண்டு, சவர்க்காரமும் தண்ணீரும் விட்டுக் காயத்தை நன்றாகக் கழுவி, நாயைத் தனியே கட்டி, அன்றே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். முன்னர் ஊசி போட்ட நாயாயினும் மீண்டும் ஊசி தேவைப்படும். எத்தனை நாள் கட்டி வைப்பது என்பதை அவரே சொல்வார். நாயின் குரல் மாறினால், காரணமின்றிக் கடித்தால், எச்சில் வடித்தால், விழுங்க முடியாது தவித்தால் கிட்டப் போக வேண்டாம்.

உங்களையோ பிள்ளையையோ நாய் கடித்தால், பிறாண்டினால், வெட்டுக்காயத்தில் அதன் எச்சில் பட்டால் உடனே சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கு ஊசி இலவசம். விசகடி வைத்தியரின் மருந்தோ பார்வை பார்த்தலோ இதற்கு ஈடாகாது. நோயின் குணம் தெரிந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். பாதுகாப்பாகக் கட்டி 10 நாட்கள் அவதானித்தால் உண்மை தெரியும். ஆனால் அதுவரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய் இறந்தால் புதைக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள்.

தூரமும் செலவும்

கால்நடை வைத்திய அலுவலகம் தூரமென்பது எமக்குத் தெரியும். பிரதேச செயலர் பிரிவு மட்டத்தில் இயங்கும் இவ்வலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கிராம அலுவலரிடம் வாங்கி, எல்லாரும் பார்க்கக் கூடிய இடத்தில் எழுதி வையுங்கள். மாடுகளுக்கு ஊசி போட வரும் நாளைக் கேட்டறியுங்கள். நாய்களுக்கு அரசாங்கம் இலவசமாக விசர் ஊசி போடும் நாளில் அயலிலுள்ள எல்லா நாய்களையும் சேர்த்துக் கொண்டு போங்கள். ஆண்டுக்கொரு முறை போடும் இந்த ஊசியின் அட்டையை, குடும்ப அட்டையோடு ஒரே உறையில் வையுங்கள். மீண்டும் ஓட நேர்ந்தாலும் அது கையோடு வரும்.

கீறலை நாமே ஆற்றுவோம். கடியை ஒருபோதும் வீட்டோடு வைத்திருக்க வேண்டாம்.