இலண்டன் சென்ற பீருமேட்டு மாணவி

இடுக்கி மலையில், தேயிலைத் தோட்டங்களில் தமிழர் பலர் உழைத்து வாழும் பீருமேட்டில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் வைரத்தின் ஒளியியல்புகளை ஆராய்ந்து ஆய்வேடும் எழுதினார். ஆயினும், முதுநிலைப் பட்டம் இல்லை என்று கூறி, சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்க மறுத்தது. வைரத்தை ஆராய்ந்தவருக்குச் சான்றிதழ் ஒன்று குறைந்ததாம்!

1945இல் அரசு உதவித்தொகை பெற்று இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். அவர் விரும்பியது இயற்பியல்; கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. அதனையே ஏற்றுக் கற்றார். 1948இல் தாயகம் திரும்பி, புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்நாளில் மழைமானி, வெப்பமானி போன்ற கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்ய அவர் வழிவகுத்தார். மறுக்கப்பட்ட அம்முனைவர் பட்டம் இறுதிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.