கேம் பழசு... ஸ்டிக் புதுசு... செட் ஆகுமா?

90-களில் கடலூர், சிதம்பரம் பக்கம் கோடை விடுமுறை விட்டால் பல வீடுகளில் டி.வி. கேம் சத்தம்தான். கேசட்டை வாயால் ஊதி ஊதிச் செருகி மரியோ ஆடிய பிள்ளைகள் இன்று அப்பா, அம்மா ஆகிவிட்டார்கள். அதே கேம்களை இப்போது கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு ஆடும்போது ஓர் ஆசை வரும். விமான கேமை நிஜ பைலட் மாதிரி ஃப்ளைட் ஸ்டிக் பிடித்து ஆடினால் என்ன?

ஆடலாம். ஆனால், எந்த கேம் என்று பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

பிச்சாவரத்தில் துடுப்பை லேசாகப் போட்டால் படகு லேசாகத் திரும்பும். அழுத்திப் போட்டால் சட்டெனத் திரும்பும். ஃப்ளைட் ஸ்டிக்கும் அப்படித்தான். பழைய டி.வி. கேம் கன்ட்ரோலரோ லைட் சுவிட்ச் மாதிரி. 4 திசைகள், ஆன் அல்லது ஆஃப், அவ்வளவுதான். அதனால், 1987-ல் நின்டெண்டோவுக்கு வந்த ‘டாப் கன்’ கேமில் ஸ்டிக்கைக் கொஞ்சம் சாய்த்தாலும் முழுசாகச் சாய்த்தாலும் ஒன்றுதான்.

பிளேஸ்டேஷன் கதை வேறு. 1996-ல் சோனியே அதற்கு அனலாக் ஜாய்ஸ்டிக் வெளியிட்டது. 1997-ல் வந்த ‘ஏஸ் காம்பாட் 2’ அதை ஏற்றுக்கொள்ளும். எமுலேட்டர் செட்டிங்கில் கன்ட்ரோலர் வகையை ‘அனலாக் ஜாய்ஸ்டிக்’ என மாற்றினால், இன்றைய ஸ்டிக்கிலும் அந்த நுணுக்கம் கிடைக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை: வீட்டிலுள்ள கேம்பேடின் கட்டைவிரல் ஸ்டிக்கை மெதுவாகச் சாயுங்கள். விமானமும் மெதுவாகச் சாய்ந்தால் தாராளமாக வாங்கலாம். சாய்ந்தால் ஒரேயடியாகச் சாய்கிறதா? காசு மிச்சம்!