காட்டு நடுவே ஒரு மரப்பாலம்

பழமைச் சின்னம் என்றவுடன் கற்கோயில்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மரத்தாலான சின்னங்களும் உண்டு. நியூஸிலாந்தின் தென் தீவில், போர்ட் கிரெய்க் என்னுமிடத்தை அடுத்த காட்டிலுள்ள பெர்சி பர்ன் பாலம் அத்தகையது.

அக்காட்டில் வெட்டிய மரங்களை அறுப்பாலைக்குக் கொணர டிராம் பாதை ஒன்று அமைத்தனர். பாரமேற்றிய வண்டிகள் செங்குத்தான பள்ளங்களில் இறங்கி ஏற இயலா. ஆகவே, ஓடைகளின் மேல் பாதையை மட்டமாகவே கொண்டு செல்ல நான்கு பாலங்கள் எழுந்தன. அவற்றுள் பெரியது 1923-ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பாலம். இதன் நீளம் 125 மீட்டர். உயரம் 36 மீட்டர். அடியில் அகன்று மேலே குறுகும் கால்களைக் குறுக்குச் சட்டங்கள் பிணைத்து நிற்கின்றன. சுற்றிலும் காடிருந்தும், இதற்கான வன்மரம் ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்தது.

1928-இல் ஆலை மூடப்பட்டது. பாலத்திற்கு வேலையில்லாது போயிற்று. கவனிப்பாரற்ற மரமோ நெடுநாள் நிலைப்பதில்லை. இணைப்புகளிலும் திருகாணித் துளைகளிலும் மழைநீர் தங்கினால் பூசணம் பற்றுகிறது. வெளியே உறுதியாகத் தோன்றும் சட்டம் உள்ளே இற்றுப்போகிறது. 1994-இல் பாலம் செப்பனிடப்பட்டது. 2012-இல் பாதுகாப்பைக் கருதி மூடி, மறுபடியும் பழுது பார்த்த பின்னரே நடைப்பயணிகளுக்குத் திறக்க நேர்ந்தது.

சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் அது பழைய பாலமாகுமா என்று நாம் கேட்கலாம். பழைய மரத்தில் இயன்றதைக் காத்து, இற்றதை மட்டும் நீக்கி, அதே அளவில், அதே முறையில் புதியதை இணைத்தால், கட்டியவர்களின் தொழில் நுட்பம் அழியாது நிற்கும். மரச்சின்னத்தைக் காப்பது ஒரு நாள் விழாவன்று. இடைவிடாத பராமரிப்பே ஆகும்.