டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் கசடு!

டிரான்ஸ்பார்மரின் வயிறு நிறைய எண்ணெய் இருக்கிறது. இது சமையல் எண்ணெய் அல்ல. பெட்ரோலியத்தில் இருந்து எடுப்பது. மின்சாரம் கண்ட இடத்தில் தாவாமல் தடுப்பதும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருளின் சூட்டைத் தணிப்பதும் இதன் வேலை.

பலகாரம் சுட்டுச் சுட்டு எண்ணெய் கறுத்துப்போகிறது அல்லவா? இதுவும் அப்படித்தான். சூடும் காற்றும் பட்டுப் பட்டு அதில் அமிலம் ஊறும். செம்புக் கம்பி இருந்தால் கேடு இன்னும் வேகம். கடைசியில் களிபோலக் கசடு உண்டாகும். அது சுருளில் அப்பிக்கொண்டால் சூடு வெளியேறாது. சூடு ஏறினால் கசடு இன்னும் கூடும். கம்பியைச் சுற்றிய காகிதம் பொடிந்துபோகும். எண்ணெயை மாற்றலாம், காகிதம் போனால் சுருளையே புதிதாகச் சுற்றவேண்டும். அது பெருஞ்செலவு.

பிரிந்து வரும் கசடு

எண்ணெயில் கரைந்துள்ள கசடு கண்ணுக்குத் தெரியாது. அதனால், அமிலம் ஏறிய எண்ணெயைச் சோதனைக்கு எடுப்பார்கள். அடிக்குழாயைத் திறந்து, முதலில் வருவதைக் கழித்துவிட்டு, உலர்ந்த பாட்டிலில் பிடிப்பார்கள்.

அதில் ஹெப்டேன் என்ற திரவத்தை ஊற்றினால் கசடு பிரிந்து அடியில் தங்கும். டொலுயீன், அசிட்டோன், ஆல்கஹால் மூன்றும் சேர்ந்த கலவையில் கசடு கரைந்துவிடும். கரையாமல் நிற்பது தூசி, துரு, நார் சேர்ந்த வண்டல். 100 கிலோ எண்ணெயில் இரண்டும் சேர்ந்து 20 கிராமுக்குக் கீழே இருந்தால் பயமில்லை.

வண்டலை வடிகட்டிவிடலாம். கசடு அவ்வளவு எளிதில் போகாது. சூடான எண்ணெயால் சுருளைக் கழுவவேண்டும். கழுவாமல் புது எண்ணெயை ஊற்றினால், ஒட்டியிருக்கும் பழைய கசடு அதையும் கெடுத்துவிடும்.