ஆஸ்போர்ன் பெட்டிக்கு மறுவாழ்வு

மூடியிருக்கும்போது பார்த்தால் தையல் மிஷின் பெட்டி என்றே தோன்றும். தூக்கிப் பார்த்தால் 11 கிலோ. கொக்கிகளை விடுவித்தால் மூடியே கீபோர்டாக இறங்கிவரும். உள்ளே நடுவில் 5 அங்குலத் திரை, அதன் இருபுறமும் பக்கத்துக்கு ஒரு பிளாப்பி டிரைவ். 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கணினிக் கண்காட்சியில் 1,795 டாலர் விலையோடு வந்து இறங்கிய ஆஸ்போர்ன் 1 இதுதான். வியாபாரத்தில் ஜெயித்த முதல் தூக்கிச்செல்லும் கணினி. பேட்டரி கிடையாது. போகிற இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தாக வேண்டும்.

இதைச் செய்த நிறுவனம் 1983 செப்டம்பரில் திவாலானது. ஆகவே உதிரிபாகம் கேட்டுப் போக யாரும் இல்லை. இருந்தும் நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய இந்தப் பெட்டிகளை உலகெங்கும் ஆர்வலர்கள் உயிர்ப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குக் காரணம், இதை வடிவமைத்த லீ ஃபெல்சன்ஸ்டைன் கடையில் கிடைக்கும் சாதாரணப் பாகங்களையே எடுத்துக் கோத்ததுதான். சர்க்யூட் பலகை நிறைய இருப்பது 74 வரிசை ஐசிக்கள். இன்றைக்கும் சென்னை ரிச்சி தெருவில் கேட்டு வாங்கலாம். மூளையான இசட்-80 சிப் 1976-ல் வந்தது. அதன் பழைய வடிவத்துக்குத் தயாரிப்பாளர்கள் கடைசி ஆர்டர் வாங்கியது 2024-ல்!

பழுதுபார்ப்பு தொடங்க வேண்டிய இடம் பவர் சப்ளை. மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில், வெல்லப்பாகு நிறத்தில், கண்ணாடி போன்ற உறையோடு ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உறை முழுக்க மயிரிழை விரிசல்கள். உள்ளே சுற்றியிருப்பது காகிதம். விரிசல் வழியே பல வருட ஈரத்தை அது குடித்திருக்கும். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் வெடித்து, அறையே மூச்சுமுட்டும் அளவுக்குப் புகையக்கூடும். இதே அளவில் பிளாஸ்டிக் படலத்தாலான புதிய கெப்பாசிட்டர் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. பழையதைச் சூடுகாட்டி எடுத்துவிட்டு, 'எக்ஸ்2' என்று அச்சிட்ட புதியதை வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் பக்கத்திலேயே பிக்சர் டியூப் இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். டிவி ரிப்பேர் தெரிந்தவர் கூட இல்லாமல் அங்கே கை வைக்கக் கூடாது.

அடுத்தது நினைவகம். 64 கிலோபைட்டுக்கு 32 சிப்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விதமான மின்னழுத்தம் தேவை. அதில் மைனஸ் மின்னழுத்தம் வராமல் போனால் சிப் கருகிவிடலாம். ஆகவே மீட்டரை வைத்து அளக்காமல் ஆன் செய்யாதீர்கள் என்பதுதான் இந்த வேலையில் இருப்பவர்கள் முதலில் சொல்லும் பாடம்.

புதிய பாகம் உண்மையிலேயே கைகொடுப்பது பிளாப்பி விஷயத்தில்தான். பழைய பிளாப்பிகளின் காந்தப் பூச்சு உதிர்ந்து, டிரைவின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மாற்றாக கோடெக் என்ற சிறு பெட்டி இருக்கிறது. பென் டிரைவைச் சொருகினால், கணினியிடம் 'நான்தான் பிளாப்பி டிரைவ்' என்று நடிக்கும். ஆஸ்போர்னின் ஒரு பிளாப்பி கொள்வது சுமார் 100 கிலோபைட். ஒரு ஜிபி இடத்தில் அப்படிப் பத்தாயிரம் பிளாப்பிகளை அடக்கலாம். வேர்ட்ஸ்டார் எழுத்துச் செயலியும் சூப்பர்கால்க் கணக்குத்தாளும் அதிலிருந்து எழுந்து வரும்போது திரையில் தெரிவது வரிக்கு 52 எழுத்துகள்தான். மிச்சத்தைப் பார்க்க, திரையையே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிப் பலகையும் எல்சிடி திரையும் வைத்துவிடுகிறார்கள். ஓடு மட்டும் 1981, உள்ளே இன்றைய கணினி. பலகை உடைந்து, டியூப் நொறுங்கி, காலிக் கூடாகக் கிடைத்த பெட்டி என்றால் தாராளமாகச் செய்யலாம். உயிரோடிருக்கும் இயந்திரத்தில் இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வைக்கிற புதுப் பாகம் எதுவானாலும், நாளைக்கு ஒருவர் கழற்றிவிட்டுப் பழையதைத் திரும்ப வைக்க வழியிருக்க வேண்டும். உறையில் புதுத் துளை போடக் கூடாது. கழற்றிய டிரைவைத் தூக்கி எறியாமல் பெயரெழுதி எடுத்துவைக்க வேண்டும்.

இந்தப் பெட்டிமேல் எனக்குக் கூடுதல் பாசம் வர ஒரு காரணம் உண்டு. இதற்குப் பெயர் தந்த ஆடம் ஆஸ்போர்ன் 1939-ல் பாங்காக்கில் பிறந்தாலும், சிறுவயதில் வளர்ந்தது திருவண்ணாமலையில். ரமணாசிரமத்தின் 'மவுன்டன் பாத்' இதழைத் தொடங்கிய ஆர்தர் ஆஸ்போர்ன்தான் அப்பா. கலிபோர்னியாவில் கொடிகட்டிப் பறந்து, நிறுவனத்தை இழந்து, நோயுற்ற நிலையில் மகன் திரும்பி வந்ததும் தமிழ்நாட்டுக்குத்தான். 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

உங்கள் வீட்டுப் பரணிலோ அலுவலகக் கிடங்கிலோ அந்தக் காலத்துக் கணினி ஏதேனும் கிடந்தால், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஆசைப்பட்டு உடனே பிளக்கிலும் சொருகாதீர்கள். முதலில் விவரம் தெரிந்தவரிடம் மூடியைக் கழற்றச் சொல்லி, அந்தக் கெப்பாசிட்டரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.