பெரிய மீனுக்கு எந்தக் கை?

கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நான் வலக்கைக்காரன். ஏரியில் விராலுக்கும் முட்டுக்காட்டில் கொடுவாவுக்கும் தூண்டில் போடுகிறேன். ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியை இடப்பக்கம் மாட்டிப் பழகிவிட்டேன். பெரிய மீனுக்காக பெய்ட்காஸ்டர் வாங்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கினால், இடக்கை ரீல் இல்லை, வலக்கைதான் இருக்கிறது, வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஸ்பின்னிங் ரீலில் ஒரு நிமிடத்தில் கைப்பிடியைப் பக்கம் மாற்ற முடிகிறதே, இதில் ஏன் முடியாது? பழகிக்கொள்ளத்தான் வேண்டுமா?"

கடைக்காரர்கள் சொல்லும் காரணங்களும் விளம்பரங்கள் சொல்லும் காரணங்களும் எனக்குத் திருப்தி தரவில்லை. சரியான பதில் ரீலின் வயிற்றுக்குள் ஓர் இடத்தில் இருக்கிறது. மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக், அதாவது டிராக், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

பெய்ட்காஸ்டரின் கைப்பிடிப் பக்கத் தட்டைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஒரு பித்தளைப் பல்சக்கரம். அதன் முகத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் கார்பன் வாஷர், எஃகு வாஷர், மறுபடி கார்பன், மறுபடி எஃகு என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். எஃகு வாஷர்களில் சில கைப்பிடித் தண்டோடு பூட்டப்பட்டவை. சில பல்சக்கரத்தோடு பூட்டப்பட்டவை. பல்சக்கரத்துக்கும் தண்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இடையில் இருப்பது வாஷர்களின் உராய்வு மட்டும். கைப்பிடிக்கு அடியில் தெரிகிற நட்சத்திரத் திருகை இறுக்கினால் அடுக்கு நெருங்கும், உராய்வு கூடும். நாம் சுற்றும்போது தண்டு வாஷர்களைப் பற்றித் திருப்ப, வாஷர்கள் சக்கரத்தைத் திருப்ப, சக்கரம், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலைத் திருப்புகிறது. அந்த உராய்வை மிஞ்சி மீன் இழுத்தால், சக்கரம் தண்டைச் சுற்றி வழுக்கும். நரம்பு வெளியே போகும். கைப்பிடி மட்டும் அசையாது.

அது ஏன் அசைவதில்லை? எனக்கு இந்தக் கருவியிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதே தண்டின் மேல், வெளித்தட்டுக்குள், ஒரு வளையம் இருக்கிறது. வளையத்தின் உட்சுவரில் சாய்வான குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறிய எஃகு உருளை. தண்டு முன்னோக்கிச் சுழன்றால் உருளைகள் குழியின் அகன்ற பக்கம் நகர்ந்து சும்மா உருளும். பின்னோக்கி ஒரு மயிரிழை திரும்ப முயன்றால் போதும், எல்லா உருளைகளும் குழியின் குறுகிய முனைக்குப் போய், தண்டுக்கும் சுவருக்கும் நடுவே இறுகிக்கொள்ளும். மீன் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுகும். எந்த ஸ்பிரிங்கின் வலுவும் இதில் கணக்கில்லை. வழுக்கப் பார்க்கும் அந்த விசையே பூட்டுகிற விசையாக மாறிவிடுகிறது.

ஆக கைப்பிடி, டிராக், பின்சுழற்சித் தடை மூன்றும் ஒரே தண்டில், ரீலின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே, வீசும்போது ஸ்பூலை விடுவிக்க விலகி நகரும் சிறு பல்சக்கரமும் இருக்கிறது. கைப்பிடியை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டுமானால் இந்தக் குடும்பம் முழுவதும் இடம் மாற வேண்டும். சட்டகத்தையே கண்ணாடியில் பார்த்தபடி திருப்பி வார்க்க வேண்டும். தடை வளையம் திரும்பியிருக்க வேண்டும். பக்கத்தட்டுகள் வேறாக வேண்டும். இடக்கை பெய்ட்காஸ்டர் என்பது தனி உற்பத்தி. வாங்குவோர் குறைவு என்று கணக்கிட்ட கம்பெனி அந்த அச்சுக்குப் பணம் போடுவதில்லை. பெரிய மீனுக்கான கனத்த மாடல்களில் வாங்குவோர் இன்னும் குறைவு. அதனால்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்பின்னிங் ரீலில் டிராக் கைப்பிடித் தண்டில் இல்லை, ஸ்பூலின் மூக்கில் இருக்கிறது. பின்சுழற்சித் தடை, நரம்பைச் சுற்றும் ரோட்டரின் அச்சில் இருக்கிறது. கைப்பிடித் தண்டுக்கு ஒரே வேலை: ரீலின் உடலைக் குறுக்காகத் துளைத்துப் போய் உள்ளிருக்கும் பல்சக்கரத்தைத் திருப்புவது. வலமிருந்து முன்னோக்கிச் சுற்றினாலும் இடமிருந்து முன்னோக்கிச் சுற்றினாலும் தண்டு சுழலும் திசை ஒன்றே. அதனால் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம்.

டிராக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்கைச் சொல்லாமல் போக முடியாது. வாஷர்கள் தருவது ஒரே அளவான திருப்புவிசை. நரம்பில் தெரியும் இழுவிசையோ, அந்தத் திருப்புவிசையை ஸ்பூலில் அப்போது மீதமுள்ள நரம்புச் சுருளின் ஆரத்தால் வகுத்தது. முழு ஸ்பூலில் 3 கிலோவுக்கு வைத்த டிராக், மீன் ஓடி ஓடிச் சுருளின் விட்டம் பாதியானதும் 6 கிலோவாகிவிடும். யாரும் திருகைத் தொட்டிருக்க மாட்டார்கள். தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் நரம்பின் இழுவையும் இதோடு சேரும். மீன் மிகத் தொலைவில் இருக்கும் நேரத்தில்தான் நரம்பு அறுவது இதனால்தான். அப்போது திருகை இறுக்குவது தவறு, தளர்த்த வேண்டும்.

வலக்கை எப்படி வழக்கமானது என்ற வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்சக்கரம் வைத்த ரீல்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் கடிகாரம் செய்வோர் கையில் வளர்ந்தவை. ஸ்பின்னிங் ரீலின் மூலத்துக்கு 1905இல் இங்கிலாந்தின் ஜவுளி ஆலைக்காரர் ஆல்பிரட் இல்லிங்வொர்த் காப்புரிமை வாங்கினார். நூல்கண்டிலிருந்து நூல் உருவிக்கொண்டு வருவதைப் பார்த்து வந்த யோசனை. வலக்கைதான் சுற்ற வேண்டும் என்று விதித்த விஞ்ஞானி யாரும் இல்லை. பெரும்பாலோர் வலக்கைக்காரர், சுற்றுவதுதான் வேலை என்று தொடக்கத்தில் செய்தவர்கள் நினைத்தார்கள், அது நிலைத்துவிட்டது.

சுற்றுவதுதான் வேலையா என்பதே கேள்வி. ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு கை குழவியைச் சுற்றும், மறு கை மாவைத் தள்ளிவிடும். பாரம் குழவியில். அதனால் பலமுள்ள கை குழவிக்குப் போகிறது. மீன்பிடிப்பிலும் இரண்டு கைக்கும் இரண்டு வேலை. இங்கே குழவி எது, தூண்டில் கம்பான ராடா, ரீலா? ஆழ்கடலில் படகின் பின்னால் இரையை இழுத்துக்கொண்டு போய் சூரைக்கும் மார்லினுக்கும் போராடுகிறவர்கள் ராடின் அடிக்கட்டையை நாற்காலியில் உள்ள கிண்ணத்தில் ஊன்றிவிடுகிறார்கள். தோள்பட்டை வார் ரீலைத் தாங்குகிறது. ராடின் பாரத்தை நாற்காலியும் வாரும் வாங்கிக்கொண்டன. மீதியிருப்பது சுற்றுவது மட்டும். அங்கே ரீல்தான் குழவி, வலக்கை அதற்குப் போவது நியாயம். கனத்த ரீல்கள் ஏறக்குறைய எல்லாமே வலக்கையாக வருவதற்கு இது ஒரு நேர்மையான காரணம்.

நீங்களோ கரையில் நின்று வீசுகிறவர். உங்கள் பாரத்தைக் கணக்கிடுவோம். 7 அடி ராடு; அடிக்கட்டை இடுப்பில்; முன்கை அதற்கு 45 சென்டிமீட்டர் முன்னால். மீன் இழுத்து ராடு வளைந்த பிறகு, இடுப்பிலிருந்து நரம்பின் இழுவைக் கோட்டுக்கு உள்ள தூரம் சுமார் 1.35 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நரம்பில் 5 கிலோ இருக்கும்போது முன்கையில் 15 கிலோ. அதை அசையாமல் நிமிடக்கணக்கில் தாங்க வேண்டும். சுற்றும் கைக்கு எவ்வளவு? கைப்பிடி 5 சென்டிமீட்டர், பல்சக்கர விகிதம் 5:1, சுருளின் ஆரம் 1.75 சென்டிமீட்டர் என்றால், அதே 5 கிலோவுக்கு எதிராகச் சுற்ற ஏறத்தாழ 9 கிலோ வேண்டும், உராய்வு தனி. ஆனால் அனுபவசாலி யாரும் மீனுக்கு எதிராகச் சுற்றுவதில்லை. ராடை மேலே தூக்கி மீனை நகர்த்துவார்கள்; ராடைத் தாழ்த்திக்கொண்டே தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொள்வார்கள். தூக்குவது ராடு பிடித்த கை. சுற்றும் கை தளர்ச்சியை மட்டும் வாரிக்கொள்கிறது, ஆட்டுக்கல்லில் மாவைத் தள்ளிவிடும் கையின் வேலை அதற்கு. மீன் களைக்கக் களைக்க ராடு கையின் பாரம் குறைகிறது. கரையில் நிற்பவருக்கு ராடுதான் குழவி, அது பலமுள்ள கையில் இருக்க வேண்டும். வலக்கைக்காரருக்கு இடக்கை ரீல் பொருந்துவது இதனால்.

விராலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெய்ட்காஸ்டரை வீசும்போது கட்டை விரல் ஸ்பூலின் மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லூர், அதாவது செயற்கை இரை, தண்ணீரைத் தொட்டு நின்றபின்னும் ஸ்பூல் சுழன்று நரம்பு சிக்காகும். வலக்கையால் வீசி, வலக்கை ரீலைச் சுற்ற, ராடை இடக்கைக்கு மாற்றியாக வேண்டும். ரப்பர் தவளை தாமரை இலையோரம் விழுந்த மறுநொடி விரால் அடிக்கிறது. அந்த நொடியில் ராடு இரண்டு கைக்கும் நடுவில் இருக்கும். இடக்கைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் இடக்கையால் வீசி, கடையில் மலிந்து கிடக்கும் வலக்கை ரீலை அப்படியே சுற்றலாம்.

விளம்பரங்களுக்கு வருகிறேன். "அதிகபட்ச டிராக் 20 கிலோ" என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். மேலே போட்ட கணக்கின்படி அது உங்கள் முன்கையில் 60 கிலோ. யாராலும் தாங்க முடியாது, ராடும் தாங்காது. நரம்பு அறும் விசையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை டிராக் வைப்பதே நடைமுறை. 10 கிலோ நரம்புக்கு இரண்டரை முதல் ஏறத்தாழ 3.3 கிலோ. இதைச் சாதாரண ரீலே தரும். எத்தனை பேரிங் என்ற எண்ணிக்கைக்கும் ரீலின் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. முட்டுக்காட்டு உப்புத் தண்ணீரில் கூடுதல் பேரிங் என்பது துருப்பிடிக்கக் கூடுதல் இடம். கேட்க வேண்டியது ஒன்றே: திருகை இறுக்கும்போது டிராக் சீராக ஏறுகிறதா, நரம்பு வெளியேறத் தொடங்கும் கணத்தில் குலுங்குகிறதா? தொங்கவிடும் ஸ்பிரிங் தராசில் நரம்பைக் கட்டி மெதுவாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைக்காரர் அனுமதிக்காவிட்டால் வேறு கடை பாருங்கள்.

வாங்கும்போது மாடல் எண்ணைப் பாருங்கள். ஆபு கார்சியா, ஷிமானோ ரீல்களில் பொதுவாகக் கடைசி இலக்கம் 1 என்றால் இடக்கை: 6500 வலது, 6501 இடது, 200 வலது, 201 இடது. டைவாவில் எண்களோடு 'எல்' எழுத்து சேர்ந்து வரும். பெட்டியின் மேலுள்ள படத்தை நம்ப வேண்டாம். பல கம்பெனிகள் இரண்டு வகைக்கும் ஒரே படத்தைப் போடுகின்றன. கடையில் இல்லாவிட்டால் இந்த எண்ணைச் சொல்லி வரவழைக்கச் சொல்லலாம்.

இருப்பில் இல்லை என்பதற்காக இரட்டை விலை கொடுக்காதீர்கள். கொடுவாவுக்குக் கனத்த லூரை வீச, 4000 அல்லது 5000 அளவு ஸ்பின்னிங் ரீல் தாராளமாகப் போதும். அதில் கைப்பிடி உங்கள் விருப்பம், கையும் ஏற்கெனவே பழகியிருக்கிறது. பெய்ட்காஸ்டர் இல்லாமல் பெரிய மீன் ஏறாது என்பது வியாபாரப் பேச்சு. விராலுக்குப் புல் பூண்டுக்கு நடுவே குறிபார்த்துத் தவளையைப் போட வேண்டுமானால் இடக்கை பெய்ட்காஸ்டர் தேடிப் பிடிக்கத் தகுந்தது.

கடைசியாக, நீங்கள் மீன்பிடிக்கும் இடங்களைப் பற்றி. கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. 2022இல் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்புநிலத்தின் பெரும் பகுதி காப்புக்காடு. அங்கே தூண்டிலை எடுத்துப் போகாதீர்கள். முட்டுக்காட்டில் பெரிய கொடுவா மாட்டினால் ஒன்றை மனத்தில் வையுங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். நீங்கள் பிடிக்கும் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். பலமுள்ள கையில் ராடு இருந்தால் போராட்டம் சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிந்தால் விட்ட மீன் பிழைக்கும். அளவெடுத்து, படமெடுத்து, தண்ணீரில் விட்டுவிடுங்கள்.